தைமினும் தயமினும்

பழுப்புக் குப்பி ஒன்றின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய வைட்டமின் மாத்திரை வாடையை நான் இன்னும் மறக்கவில்லை. பட்டான்செருவில் ஒரு மருந்து ஆலையின் ஆய்வகத்துக்கு அப்போது நான் பொறுப்பாளன். டி.என்.ஏ.வின் நைட்ரஜன் காரங்களான அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் நான்கையும், ஆர்.என்.ஏ.வில் தைமினின் இடத்தில் அமரும் யுராசிலையும் ஒப்பீட்டுச் சோதனைக்காக ஆலையின் ஸ்டோர்ஸிடம் தொலைபேசியில் கேட்டிருந்தேன். குப்பியின்மேல் ஆங்கில முதலெழுத்து மட்டுமே எழுதவேண்டும் என்பது நான் வகுத்த முறை. ‘T’ எழுதிய குப்பியில் இருந்தது தைமின் அன்று. தைமினுக்கு வாடை கிடையாது.

ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் செகந்திராபாத்தில் பல தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தவர்; பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும். அரிய பொருளை வெளியே தள்ளிவிட்டு மலிவான வைட்டமினை நிரப்பிவிட்டார் என்று முடிவு கட்டினேன். ஸ்டோர்ஸ் அலமாரியில் தைமின் குப்பி முத்திரை உடையாமல் இருந்தது. புதிதாக வாங்கி வைத்திருப்பார் என்றேன். பதிவேட்டில் வைட்டமின் கொடுத்ததாகவே இருந்தது. பிறகு எழுதியிருப்பார் என்றேன்.

“நக்கோ சார், இல்ல, நான் கைக்கு, எதுக்கு மாத்தப்போறேன்? போன்ல நீங்க சொன்னதைத்தானே குடுத்தேன்!”

“கெமிஸ்ட்ரியில என் வாய் தப்பாது, மிஸ்டர்.”

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அவரிடமிருந்து சாவிக்கொத்து வாங்கப்பட்டது. ஓய்வு பெறும்வரை ஆலை வாயிலில் வண்டி எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். கடந்து செல்லும்போது அவர் சொன்ன வணக்கத்தையும் நான் சந்தேகித்தேன்.

சென்ற மாதம் கச்சிபௌலி மருத்துவமனையில் என் மரபணுச் சோதனை முடிவை விளக்கிய பெண் மருத்துவரிடம், “இங்க தயமின் மாறியிருக்கா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“அங்கிள், தயமின்னா பி-ஒன் வைட்டமின். இது தைமின்.”

கல்லூரி நாள் முதல் இரண்டையும் ஒன்றுபோலவே உச்சரித்து வந்திருக்கிறேன். என்னைத் திருத்த ஒருவரும் துணியவில்லை.

மௌலா அலியில் அந்த ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் வீட்டைத் தேடிச் சென்றேன். வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். என் நினைவில் அதற்கு முன் எவரிடமும் கேட்டதில்லை.

“ஹவ் சார், ஆமா, சொன்ன பேர் தப்போன்னு அன்னிக்கே தோணுச்சு. இன்னொருதரம் சொல்லுங்கன்னு கேட்டேன். நீங்க டக்குனு போனை வெச்சுட்டீங்க.”

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“எங்கிட்ட சொல்லி என்ன சார்? உள்ள என் சம்சாரம் இருக்கா, அவகிட்ட சொல்லுங்க. இத்தனை வருஷமா அவளுக்கும் என்மேல ஒரு சந்தேகம்.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.