அடித்து எழுதிய உப்பு

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் ரப்பர். பென்சில் பாதி தேய்வதற்குள் அவளுடைய அழிரப்பர் கரைந்து காணாமல் போயிருக்கும். விடையைச் சரியாகத்தான் எழுதுவாள். பக்கத்தில் இருப்பவள் லேசாக முகம் சுளித்தால் போதும், அழித்துவிடுவாள். மூன்றாம் வகுப்பிலிருந்து இதே கதைதான். பேனாவுக்கு மாறிய பிறகு அழிப்பதற்குப் பதில் அடிக்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான் முன்னேற்றம். பார்க்கிறவர்களுக்கே பற்றிக்கொண்டு வரும்.

அன்று பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு. ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளைப் பொடி கொடுத்து, என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அவளுக்கு இது விளையாட்டல்ல. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதற்கான படிப்பில் சேர ஆசை. அங்கே செய்முறை மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். கிடைக்காவிட்டால் அம்மா வேலை செய்யும் அழகு நிலையத்தில் ஊரார் தலைக்குச் சாயம் பூச வேண்டியதுதான். அம்மா இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

பொடியோடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கினாள். குப்பென்று மூக்கில் ஏறியது நெடி. அம்மாவின் கையில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத, தலைச்சாயத்தின் அதே நெடி. அம்மோனியா! கண்ணாடிக் கம்பியை அமிலத்தில் தோய்த்துச் சோதனைக் குழாயின் வாயருகே காட்டினாள். வெள்ளைப் புகை திரண்டு வந்து அதையே உறுதி செய்தது. மற்ற சோதனைகளையும் முடித்து, அம்மோனியம் குளோரைடு என்று எழுதினாள்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அம்மோனியம்தானே?" என்று பக்கத்து மேசையில் கிசுகிசுத்தாள்.

அங்கே நின்றது ஃபர்ஸ்ட் ரேங்க். பெயரே அதுதான் என்று சொல்லுமளவுக்கு அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்ட பெண். அவள் களுக்கென்று சிரித்தாள். "லூசு, அது அம்மோனியா பாட்டில்ல இருந்து வர்ற நாத்தம். லேப் முழுக்க அப்படித்தான் அடிக்குது. ஜிங்க் சல்பேட்டுடி. எல்லாரும் அதான் எழுதுறாங்க."

பின்மேசை நெட்டையனும் தலையாட்டினான். ரப்பர் தன் விடையின் குறுக்கே கோடு போட்டாள். ஜிங்க் சல்பேட் என்று எழுதித் தாளைக் கொடுத்தாள்.

வாய்மொழித் தேர்வுக்காக எல்லோரும் வராந்தாவில் காத்திருந்தபோது, ஆய்வக உதவியாளர் கழுவ வேண்டிய குழாய்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன உப்புண்ணே?" என்றான் நெட்டையன்.

"தாளெல்லாம் வாங்கியாச்சுல்ல, இனி சொன்னா என்ன? காலையில வந்தவங்களுக்கு ஜிங்க். உங்களுக்கு எல்லாருக்கும் அம்மோனியம் குளோரைடு."

ஆளாளுக்கு வாயைத் திறந்தார்கள். எனக்கும் நெடி வந்தது, எனக்கும் வந்தது, பாட்டில் என்று நினைத்தேன், நீ சொன்னாய், அவன் சொன்னான். தோண்டித் துருவினால் சங்கதி இதுதான்: காலைக் குழுவில் வந்த தோழியிடம் ஃபர்ஸ்ட் ரேங்க் விடையைக் கேட்டு வைத்திருந்தாள். தன் பொடியைச் சூடாக்கிக்கூடப் பார்க்கவில்லை மகராசி. மற்ற அத்தனை மூக்கும் சரியாக மோந்திருக்கிறது. ஒன்றையும் அதன் சொந்தக்காரர் நம்பவில்லை.

ஃபர்ஸ்ட் ரேங்க் சட்டென்று இவள் பக்கம் திரும்பினாள். "உனக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சே! சத்தமா சொல்றதுக்கென்ன? கமுக்கமா இருந்து எங்களக் கவுத்துட்ட."

ரப்பருக்குக் காது மடல் சுட்டது. "சொன்னேன். நீ சிரிச்ச."

"நாங்க சிரிச்சா நீ விட்டுருவியா?" என்றான் நெட்டையன்.

அறையலாம் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. அவன் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவளுடைய தாளைப் பிரித்து, கோடு போட்ட வரியில் விரலை வைத்தார்.

"சோதனையெல்லாம் ஒழுங்கா எழுதியிருக்க. இந்த மொதல் பதில் யாரோடது?"

"என்னோடது சார்."

"ரெண்டாவது?"

"எல்லாரோடதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சோதனைக்கு மார்க் தர்றேன். அடிச்ச பதிலுக்குத் தர முடியாதும்மா."

"தெரியும் சார்." அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் கேட்ட மீதிக் கேள்விகளுக்கெல்லாம் சண்டைக்குப் போகிற குரலில் பதில் சொன்னாள். ஒன்றும் தப்பாகவில்லை. ஆனால் போன மதிப்பெண் போனதுதான், அந்தப் படிப்பும் அநேகமாக அதோடு போயிற்று.

வெளியே வந்ததும் ஃபர்ஸ்ட் ரேங்க் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சற்றுமுன் பாய்ந்தவள் இப்போது தேனாகப் பேசினாள். "ஏய், என்ன கேட்டாரு? நீ என்ன சொன்ன? சீக்கிரம் சொல்லுடி, நாங்களும் அதையே சொல்லிடறோம்."

நெட்டையனும் மற்றவர்களும் சுற்றி நெருங்கி நின்றார்கள்.

அவள் கையை உதறினாள். "மூக்கு இருக்குல்ல? நீயே மோந்து பாத்துச் சொல்லு."