முதலிடத்தில் பீரங்கி கேம்

பதற்றம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள், சிலர் வீட்டைக் கழுவிவிடுவார்கள். நான் பட்டியல் போடுவேன். கையில் கிடைக்கும் காகிதத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எதையாவது வரிசைப்படுத்தினால்தான் மூச்சு சீராகும். போன மாசியில் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது, காரைக்குடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு பத்திரிகை உறையின் பின்பக்கத்தில் எனக்குப் பிடித்த வீடியோ கேம்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

முப்பத்தாறு வயதில், கல்லூரி அலுவலகத்தில் ஃபைல் தள்ளுகிறவளுக்கு இது தேவையா என்று கேட்கலாம். என் கணவர் கேட்டார்.

"சமையல்காரருக்குச் சாமான் லிஸ்ட் இன்னும் குடுக்கல. நீ என்னத்த எழுதிக்கிட்டு இருக்கே?"

போனைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எழுந்து போய் ஏற்கெனவே அணைத்திருந்த அடுப்பை இன்னொரு முறை அணைத்துவிட்டு வந்தேன்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். நாட்டரசன்கோட்டையில் இருக்கிறான், விவசாயம் பார்க்கிறான். நாங்கள் பேசி இரண்டு வருடம் ஆகிறது. காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அவன் மடியில் வைத்து முடி இறக்கி, அவன் மடியிலேயே வைத்துக் காது குத்துவார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் யாரையாவது பிடித்து உட்கார வைக்கலாம்தான். சொந்த அண்ணன் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது அப்படிச் செய்தால் ஊர் சிரிக்கும். ஊரை விடுங்கள், எனக்கே வயிறு எரியும்.

நான் செய்த காரியம் அதைவிட மோசம். முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைத்ததும் அடுத்ததைத் தாய்மாமன் வீட்டுக்குத் தட்டோடு எடுத்துப் போய், வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டும். நான் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பத்திரிகையைப் போட்டோ எடுத்துப் போட்டேன். மாமன் மச்சான் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு. அதில் அவனும் ஒருத்தன். தெரியாமல் செய்யவில்லை. வரவேண்டுமென்றால் தானாக வரட்டும் என்ற திமிர்தான்.

அதனால்தான் பட்டியல். கீழிருந்து மேலாகப் போனேன்.

நான்காம் இடம் பந்து கேமுக்கு. வருடா வருடம் புதுசு புதுசாக வருமே, ஃபுட்பால். பள்ளிக்கூட நாட்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ப்ரவுசிங் சென்டரில் ஆடியது. அங்கே வருகிற ஒரே பெண்பிள்ளை நான்தான். கடைக்காரர் என்னைப் பார்த்து, "பொம்பளப் புள்ளைக்கெல்லாம் இங்க என்ன வேலை?" என்று ஒருமுறை கேட்டார். "எங்க வீட்டு ஆளு, நான் காசு குடுத்த ஒரு மணி நேரத்துல அது வெளாடட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து கொண்டான். பதினோரு பேரை ஓட விட்டுத் தோற்பது எப்படி என்று அந்த நாற்காலியில்தான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாம் இடம் கார் கேமுக்கு. ஒன்று, இரண்டு என்று பாகம் பாகமாக வந்தது, எல்லாவற்றையும் ஆடியிருக்கிறேன். ப்ளஸ் டூவில் மார்க் குறைந்து, எதிர்பார்த்த படிப்பு கைநழுவிப் போன வருடம் ஆடியது. யாராவது வீட்டுக்கு வந்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்வேன். பந்தயம் ஓட்டவே மாட்டேன். எல்லோரையும் முன்னால் போகவிட்டு, கடற்கரையோரச் சாலையில் சும்மா ஓட்டிக்கொண்டே இருப்பேன். அடிக்கடி மின்வெட்டு இருந்த காலம். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு வைத்துவிட்டு, "ஓட்டுறவ வா" என்று மட்டும் அண்ணன் குரல் கொடுப்பான். மார்க் பற்றி அந்த வீட்டில் ஒரு வார்த்தைகூடக் கேட்காதவன் அவன் ஒருத்தன்தான்.

இந்த இடத்தில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கேமைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இவன் எதற்கு நடுவில் வந்து நிற்கிறான்? மறுபடியும் போனைப் பார்த்தேன். சமையல்காரர்தான் கூப்பிட்டிருந்தார். மகள் மேசைமேல் ஏறி நின்று என் பேனாவைக் கேட்டாள். அவளைக் கீழே இறக்கினேன், திரும்ப ஏறினாள். அவளும் என்னைப் போல ஓரிடத்தில் இருக்கமாட்டாதவள்.

இரண்டாம் இடம் தோட்டம் போடுகிற கேமுக்கு. சென்னையில் முதல் வேலை, விடுதி அறையில் நான்கு பேர், பேச ஆளில்லை. போனில் கத்தரி நட்டேன், தக்காளி நட்டேன். அப்பாவிடம் சொன்னபோது, "இங்க நெசக் கத்தரி காஞ்சு கெடக்கு, நீ போன்ல தண்ணி ஊத்துறியாக்கும்" என்று சிரித்தார். அந்த கேமில் தெரிந்தவர்கள் வந்து நம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகலாம். வேலை முடிந்து வந்து திறந்தால் என் பாத்தி நனைந்திருக்கும். நாள் முழுக்க வெயிலில் வயலில் நின்ற அண்ணன், அது போதாதென்று போனிலும் வந்து எனக்குத் தண்ணீர் பாய்ச்சியிருப்பான். அவனுக்கென்று அதில் ஒரு செடிகூட நடவில்லை.

முதலிடம் எதற்கென்று யோசிக்கவே வேண்டாம். பீரங்கி கேம். டிவியில் ஒரு பெட்டியை மாட்டி, அதில் கேசட் செருகி ஆடுகிற பழைய கேம். செங்கல் சுவர்களுக்கு நடுவே நம் கோட்டை ஒன்று இருக்கும். எதிரிப் பீரங்கி வண்டிகள் அதை உடைக்காமல் இரண்டு பேர் ஆளுக்கொரு வண்டியில் காவல் காக்க வேண்டும். அப்பா ஆடிய ஒரே கேம் அதுதான். சாயங்காலம் வயலிலிருந்து வந்து, குளித்து, பனியனோடு தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். "பாப்பா, நீ கோட்டையப் பாத்துக்க, நான் முன்னுக்குப் போறேன்" என்பார். அவர் என்னை நம்பி ஒரு கோட்டையை ஒப்படைத்தது எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெட்டியில் ஆட்டத்தைச் சேமிக்க வழியில்லை. பாதியில் சாப்பிடக் கூப்பிட்டால் டிவியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியின் சிவப்பு விளக்கு அம்மா கண்ணில் படாமல் துண்டு போட்டு மூடி வைப்போம்.

எங்கள் சண்டையும் அந்தப் பெட்டியால் வந்ததுதான். அப்பா இறந்து, கருமாதிக்கு வீட்டை ஒழித்தபோது பெட்டியைத் தேடினேன். காணோம். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டதாக அண்ணன் சொன்னான். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த இடத்தில், "அப்பாவையும் சேத்து எடைக்குப் போட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். அத்தோடு பேச்சு நின்றது. ஊரில் எல்லோரும் சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியாவது இருந்திருந்தால் வெளியில் சொல்லிக்கொள்ளவாவது முடிந்திருக்கும்.

ஒவ்வொரு கேமுக்கும் பக்கத்தில் யாரோடு ஆடினேன் என்று எழுதிக்கொண்டே வந்தேன். பீரங்கி கேமுக்குப் பக்கத்தில் அப்பா, நான் என்று எழுதினேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பெட்டிக்கு இருந்தது இரண்டே ரிமோட். நாங்கள் மூன்று பேர். எங்களுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "அங்குட்டு ஒண்ணு வருது, இங்குட்டு ரெண்டு வருது, திரும்பு திரும்பு" என்று கத்திக்கொண்டிருந்தவன் ஆடியதாக எனக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருடத்தில் உனக்கு எந்த கேம் பிடிக்கும் என்று அவனை ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. மேசையிலிருந்து எழுந்தவள் திரும்ப உட்காரவில்லை. அலமாரியைத் திறந்து எவர்சில்வர் தட்டைத் தேடினேன்.

தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, பத்திரிகை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை.

கதவைத் திறந்தது மதினி. கொஞ்சமும் முகம் மாறாமல், "வாங்க, வெயில்ல வந்திருக்கீக. இங்குட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. அவுக வயலுக்குப் போயிருக்காக, இப்ப வந்துருவாக" என்றார். என்னால் உட்கார முடியவில்லை. தட்டில் பழத்தை இடப்பக்கம் வைத்தேன், வலப்பக்கம் வைத்தேன். பட்டியல் எழுதிய உறைக்குள்தான் பத்திரிகை இருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். வேறு உறை கொண்டுவரவில்லை.

அண்ணன் வந்தான். கைகால் கழுவிவிட்டு எதிரில் நின்றான். தட்டை நீட்டினேன்.

"இது ரெண்டாவது பத்திரிக இல்லண்ணே. எல்லாருக்கும் குடுத்துட்டு மிச்சம் இருந்தது. தப்புத்தான்" என்றேன்.

அவன் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். உறையைத் திருப்பி என் கையெழுத்தைப் படித்தான். அவன் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலு, மூணு, ரெண்டு என்று வந்தவன் கடைசி வரியில் நின்றுவிட்டான்.

"அப்பா போன மூணாம் நாள் அத டிவில மாட்டுனேன்த்தா. ஓடுச்சு. ரெண்டு பேர் ஆட்டத்த வச்சுட்டேன், பழக்கத்துல. ஒரு வண்டிய நான் ஓட்டுறேன். அப்பா வண்டி கீழ சும்மா நிக்கிது. எதிரி வந்து சுடுறான், அது நகரவே மாட்டேங்குது. என்னால பாக்க முடியல. அதான் எடைக்குப் போட்டுட்டேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மதினி தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஒனக்கு எந்த கேம்ணே பிடிக்கும்?"

அவன் நிஜமாகவே யோசித்தான்.

"தெரியலத்தா. நான் எங்க ஆடுனேன்?" என்றான்.

காதுகுத்தன்று காலையில் எங்களுக்கு முன்பே கோயிலுக்கு வந்து, வேட்டியை மடித்துப் பலகைமேல் உட்கார்ந்திருந்தான். முடி இறக்கியபோது மகள் துள்ளிய துள்ளலில் நாவிதர் இரண்டு முறை கத்தியை எடுத்துவிட்டார். காது குத்த ஆசாரி ஊசியை எடுத்ததும் மறுபடி கத்த ஆரம்பித்தாள். அண்ணன் தன் போனை எடுத்து ஏதோ ஒரு கேமைப் போட்டு அவள் கையில் கொடுத்தான். அழுகை பாதியில் நின்றது. அவள் குனிந்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திக்கொண்டிருக்க, அவன் இரண்டு உள்ளங்கையாலும் அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, "அங்குட்டு ஒண்ணு வருது பாரு, இங்குட்டு ரெண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.