மடைப்பேய் நிஜாமும் மோட்டார் நின்ற மத்தியானமும்

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். நிஜாமுதீன் பூதலூரில் கடை போட்ட அன்றைக்கே, இவர் மோட்டாருக்குக் காயில் கட்டியே காலம் தள்ளப்போகிறவர் இல்லை, பெயர் கடல் தாண்டிப் போகும் என்று டீக்கடையில் வைத்துச் சொன்னேன். கம்ப்யூட்டர் பேய் விளையாட்டுக்கு இசை போடுகிற ஒரு குழு நம் ஊரிலிருந்து கிளம்பும் என்றும் சொன்னேன். அதற்கு நான் ஒரு தூணாக நிற்பேன் என்றும் சொன்னேன். அன்றைக்குக் கேட்டவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை, இன்னொருவர் திருப்பூர் போய்விட்டார். ஆகவே சாட்சி கேட்காதீர்கள். இத்தனை சொன்ன நான் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயதில் அவர் போய்விடுவார் என்பதை.

செய்தி வந்தபோது நடவு வயல் வரப்பில் நின்றிருந்தேன். என் போனில் அழைப்பு வந்தால் நிஜாமின் இசைதான் ஒலிக்கும். அதனால் நான் சட்டென்று எடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் "என்னங்க இப்படிக் கதறுது" என்று கேட்க வேண்டும், நான் விவரம் சொல்ல வேண்டும். அன்றைக்கும் நடவுப் பெண்கள் கேட்கட்டும் என்று முழுவதும் அடிக்க விட்டேன். ஓய்ந்து, மறுபடி அடித்தது. அதையும் விட்டேன். அதற்கும் பிறகு எடுத்தால், நிஜாமின் குழுவில் இருக்கிற டெய்சி.

"மாமா, நிஜாம் அண்ணன் போயிட்டாரு. கடையிலயே. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவரு எந்திரிக்கல."

"எந்த நிஜாம்?" என்று கேட்டேன். ஊரில் இருந்தது ஒரே நிஜாம்தான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவருடைய இசையை மட்டும் கேட்டவர்கள். மீதிப் பேர் அவரிடம் மோட்டாருக்குக் காயில் கட்டியவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அவர் நாகூரில் பிறந்தவர். வளைகுடாவில் ஒரு பெரிய கிடங்குக்குக் காவல் இருந்து, ஆளில்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் பேய் விளையாட்டு ஆடிப் பழகியவர். பாழடைந்த ஆஸ்பத்திரி, கையில் ஒரு டார்ச், பின்னால் ஏதோ வருகிறது. அந்த மாதிரி விளையாட்டுகள். அவற்றுக்கு ஏற்கெனவே இசை உண்டு. இவர் ஊர் திரும்பியதும், அதே ஆஸ்பத்திரி பூதலூரில் இருந்தால் என்ன சத்தம் போடும் என்று யோசித்தார். தபால் ஆபீசில் வேலை பார்க்கிற டெய்சி சேர்ந்துகொண்டது. தரங்கம்பாடிப் பெண், சர்ச்சில் கீபோர்டு வாசித்த கை. ஸ்டேஷன் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற பிரகாஷ் சேர்ந்தான். மூன்று பேரும் அந்த விளையாட்டுகளின் மேல் உள்ள பிரியத்தில் தாங்களாகவே இசை அமைத்து இணையத்தில் போட்டார்கள். யாரும் கேட்டுச் செய்ததில்லை. 'மடைப்பேய்' என்ற பெயர் நான் வைத்தது. டெய்சி வைத்தது என்று டெய்சி சொல்லும்.

நான் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவன். ஒருநாள் நிஜாம் என் குடோனுக்குள் வந்து, அடுக்கி வைத்த அண்டாக்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

"மாமா, இங்க நின்னா முதுகு சில்லுங்குது. இந்த இடத்தை எங்களுக்குக் கொடுங்க."

"எலி இருக்கும் மாப்ள."

"இருக்கட்டும். அதுவும் வேணும்."

எத்தனையோ கல்யாணத்துக்குச் சாமான் அனுப்பியிருக்கிறேன், என் குடோனை இப்படி ஒருவர் பாராட்டியதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டேன். பிரியாணி அண்டாவுக்குள் மைக்கைத் தொங்கவிட்டு, சுற்றி இரும்பு நாற்காலியை இழுத்துக்கொண்டே நடப்பார். டெய்சி அண்டாவுக்குள் குனிந்து மூச்சு விடும். என்னை இருமச் சொன்னார்கள். இருமினேன். அந்த இருமல் அவர்களுடைய எல்லா இசையிலும் இருக்கிறது. சரி, மூன்றில் இருக்கிறது. ஜப்பானிலிருந்து ஒருவர், அது எந்த மிருகத்தின் குரல் என்று கேட்டு எழுதியிருந்தார். 'பூதலூர் மாமா' என்று நிஜாம் பதில் போட்டார்.

அவர்களைப் பெரிய ஆளாக்கியது மதகு ஷட்டரின் சத்தம். ஆற்றில் தண்ணீர் வந்த அன்று வாய்க்கால் பிரிகிற தலைப்பில் போய் நின்றோம். ஷட்டரைத் திருகித் திறக்கிற ஆளை இங்கே லஸ்கர் என்போம். அவர் கம்பியைத் திருகத் திருக, துருப்பிடித்த அந்த இரும்பு அடிவயிற்றிலிருந்து முனகியது. நிஜாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். "ஐயா, இன்னும் கொஞ்சம் மெதுவாத் திருகுங்க" என்றார்.

"மெதுவாத் திருகுனா நாளைக்குத்தான் தண்ணி போகும், பரவாயில்லையா?" என்றார் லஸ்கர்.

அந்த முனகலை விளையாட்டில் கதவு திறக்கிற இடத்தில் போட்டார்கள். உலகம் நடுங்கியது. பிரேசிலில் ஒரு பையன் விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கினதாக எழுதினான். போலந்தில் ஒரு அம்மா, இதைக் கேட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டது என்றது. நிஜாமுக்குப் பெருமை தாங்கவில்லை. நேரே டீக்கடைக்கு வந்து போனில் போட்டார். கடையில் இருந்த அத்தனை முகமும் மலர்ந்தது.

"தண்ணி விட்டாச்சா பாய்?"

"நம்ம தலைப்பு ஷட்டர் மாதிரில்ல இருக்கு."

பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னொரு தரம் வைங்க, கேக்கவே குளுகுளுன்னு இருக்கு" என்றது.

நிஜாம் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். அப்படி ஒரு வாட்டத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"பிரேசில்காரன் பயந்து எனக்கு என்ன மாமா. நான் குடியிருக்கிறது பூதலூர்ல. இந்த ஊர்ல ஒரே ஒரு ஆள் பயந்தா போதும். இல்லைன்னா, நாம செய்யறது யாரோ ஊர் விளையாட்டுக்கு யாரோ போட்ட இசையோட நகல்தான்."

விளையாட்டாகச் சொன்னதாக நினைத்தேன். இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூப்பிட்டு ஒரு நிகழ்ச்சி நடத்துவது, அதில் ஒருவரும் பயப்படவில்லையென்றால் மடைப்பேயைக் கலைத்துவிடுவது என்று டெய்சியிடமும் பிரகாஷிடமும் சொல்லிவிட்டார். டெய்சி என்னிடம் வந்து அழாத குறை. "நீங்க பேசுங்க மாமா, உங்க பேச்சைத்தான் கேப்பாரு" என்றது. அது உண்மை. என் பேச்சை எல்லோரும் கேட்பார்கள்.

போனேன். கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

"மாமா, உங்களுக்கு எதுல பயம்?"

"எனக்கா? ஒண்ணுலயும் கிடையாது. சுடுகாட்டுக் கொட்டகையில படுத்துத் தூங்கினவன் நான்."

"அது சரி. ஆனா நீங்க எங்க உக்காந்து பேசினாலும் ஒரு காது வெளியிலயே இருக்கே, அது ஏன்?"

அப்போதும் அந்தக் காது வெளியில்தான் இருந்தது. அவரே சொன்னார்: "பயம்கிறது புதுசா ஒண்ணு வர்றதுல இல்ல மாமா. ஓடிக்கிட்டு இருக்கிறது நிக்கிறதுல இருக்கு."

மறுநாள் என் வயலுக்கு வந்தார். மோட்டார் கொட்டகைக்குள் பலகையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, காலையிலிருந்து உச்சிவெயில் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். அதைக் குடிக்கிற சத்தம் பதிவில் விழும் என்று குடிக்காமலே வைத்திருந்தார்.

அது குறுவைக் கதிர் பால் பிடிக்கிற நேரம். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டதால் எங்கள் பக்கம் எல்லோரும் போர்செட்டை நம்பித்தான் இருந்தோம். அந்தச் சமயத்தில் மோட்டார் எரிந்தால் கதிர் பதராகப் போகும். அப்படிப்பட்ட ஒரு மத்தியானம்தான் நிகழ்ச்சி. ஐந்நூறு நாற்காலி போட்டேன். நூற்றைம்பது என்று டெய்சி சொல்கிறது, அதுவும் இருக்கலாம். ஜன்னலையெல்லாம் என்னுடைய கறுப்புத் துணியால் அடைத்து மண்டபத்தை இருட்டாக்கினோம். பிரகாஷ் திரையில் விளையாட்டை ஆடினான், நிஜாமும் டெய்சியும் மேடையில் இசை போட்டார்கள்.

முதலில் அண்டா உறுமியது. சனம் சிரித்தது. நாற்காலி இழுபட்டது. "கோவிந்தராசு மாமா குடோன் நாற்காலிடா அது" என்று ஒருவன் கத்தினான். ஷட்டர் முனகியபோது கைதட்டினார்கள். நிஜாம் தலையைத் தூக்கவேயில்லை. இவ்வளவுக்கும் அடியில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வெளியே எங்கோ ஓடுகிறது என்று நினைத்தார்கள். காதுக்கு அது சத்தமே இல்லை, காற்று மாதிரி. திரையில் அந்த ஆள் கதவைத் திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை.

மோட்டார் நின்றது.

கூட்டத்தில் ஒரு மூச்சு இழுபட்டது, எனக்கு நன்றாகக் கேட்டது. சனம் நெளிந்தது, நாலைந்து பேர் பாதி எழுந்தார்கள். கடைசி வரிசையில் பக்கக் கதவோரம் திருக்காட்டுப்பள்ளி மிராசுதார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆறடி உயரம், கையில் தங்கக் காப்பு, எதற்கும் அசையாத மனிதர். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் பாய்ந்தார். செருப்புகூடப் போடவில்லை. தார்ரோடு சுட்டது தெரியவில்லை. வாய் வறண்டு, காதுக்குள் அந்த நிசப்தம் மட்டும் இரைந்துகொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி, வரப்பில் ஒருமுறை சறுக்கி விழுந்து எழுந்து ஓடினார்.

இந்த இடத்தில், இதைத் தட்டச்சு செய்கிற பிரகாஷ் கையை எடுத்துவிட்டான்.

"மாமா, திருக்காட்டுப்பள்ளி ஆளுக்கு ரயில்வே கேட் பக்கத்துல ஏது வயல்?"

"வாங்கிப் போட்டிருந்தாரு. நீ அடிடா."

போய்ப் பார்த்தால், மோட்டார் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழாய் நிறையத் தண்ணீர் கொட்டியது. அவர் தொட்டியோரம் உட்கார்ந்து கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு எடுக்கவேயில்லை.

மண்டபத்தில் நிஜாம் மைக்கில், "வெளியூர்க்காரர் ஒருத்தர் மோட்டாரைப் பாக்கப் போயிருக்காருங்க, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் சனத்துக்குச் சிரிப்பு வந்தது, தங்கள் நெஞ்சும் அடித்துக்கொண்டதைப் பக்கத்தில் உள்ளவனிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் போன் போட்டு மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டார்களாம். டெய்சி மேடையிலேயே அழுதுவிட்டது. மடைப்பேய் கலையவில்லை. அந்த மத்தியானத்து இசைதான் 'நின்றது' என்ற பெயரில் உங்களிடம் இருக்கிறது. இணையத்தில் அந்த இசை இருக்கிற பக்கத்தின் அடியில், வாசித்தவர் டெய்சி, விளையாடியவர் பிரகாஷ் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் 'பயந்தவர்: வெளியூர்க்காரர்' என்று நிஜாம் ஒரு வரி சேர்த்திருப்பார்.

நாகூரில் அவரை அடக்கம் செய்தார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்க நானும் தோள் கொடுத்தேன். முதல் ஆள் நான் என்று எழுத நினைத்தேன், பிரகாஷ் பார்க்கிறான். வேனில் ஊர் திரும்பினோம். கடைக்குப் போனால் பாதி காயில் கட்டிய மோட்டார் ஒன்று மேஜையில் கிடந்தது. யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. உங்களுடையது என்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், மீதியைக் கட்டித் தர டெய்சி ஆள் பார்த்து வைத்திருக்கிறது. குழுவும் நடக்கும். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், அதையும் நான்தான் சொல்கிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்னவென்று கேட்டால், என் போனில் அடிக்கிற அந்த இசை. இப்போதெல்லாம் முதல் அடியிலேயே எடுத்துவிடுகிறேன். அப்புறம், வெளியிலேயே இருக்கிற இந்தக் காது. அது எனக்கு எப்போதும் இருந்ததுதான், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரு ஜோடி செருப்பு. நிகழ்ச்சி முடிந்ததும் நிஜாம் அதை வண்டியில் மாட்டிக்கொண்டு வயலுக்கு வந்தார். தொட்டியோரம் வைத்துவிட்டு, "தண்ணி நல்லா வருதுல்ல?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்கா எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க மாமா. எனக்கு அவசரமில்ல" என்றார்.

திருக்காட்டுப்பள்ளி மிராசுதார் என்று ஒருவர் கிடையாது. நிஜாம் மைக்கில் சொன்ன வெளியூர்க்காரருக்கு ஆறடி உயரமும் தங்கக் காப்பும் போட்டு இத்தனை நாள் ஊரில் உலவவிட்டவன் நான். வயல் என்னுடையது. ஓடியதும் நின்றதும் என் கொட்டகை மோட்டாரின் சத்தம். அந்தச் செருப்பும் என்னுடையது.

பக்கத்தின் அடியில் உள்ள வரியைப் பிரகாஷிடம் மாற்றச் சொல்லிவிட்டேன். போய்ப் பாருங்கள். பயந்தவர்: ரெ. கோவிந்தராசு, பூதலூர்.