பதினோராம் தட்டில் கள்ளி

மலேசியாவின் குளுவாங்கில் மழை இருட்டிக்கொண்டு வந்தால் ஊரே கொடித் துணியை எடுக்க ஓடும். மூர்த்தி மட்டும் கள்ளிச் செடிகளுக்குப் பிளாஸ்டிக் விரிப்புப் போர்த்த ஓடுவார். மனைவி பிரேமலாவின் பட்டுப்புடவை நனைந்த நாள் உண்டு. கள்ளி நனைந்த நாள் கிடையாது.

லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவர்களின் மகன் அவர். மின்னணுத் தொழிற்சாலை ஸ்டோரில் இருபத்தேழு வருடம் பெட்டிகளோடு வாழ்ந்தவர். பெட்டிகள் பதில் பேசாததாலோ என்னவோ, மனிதர்கள் கிடைத்தால் விடமாட்டார். துக்க வீட்டிலும் கள்ளிப் பேச்சுத்தான். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய்க்குள் பஞ்சு இருக்கும்போதே மருத்துவருக்குக் கள்ளி வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர்.

அத்தனையும் ஒரே இனம். கல்லைப் பட்டை தீட்டி வைத்தது போன்ற உடம்பு, அதன் மேல் திருநீறு தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள், உச்சியில் பகலில் விரியும் மஞ்சள் பூ. ஒரே காயின் விதைகளில் முளைத்தவைகூட ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. பெரும்பாலும் ஐந்து பட்டை. சிலதுக்கு நாலு, சிலதுக்கு ஆறு. ஒன்று சாம்பல் பூசினாற்போல வெளுத்திருக்கும். அதன் உடன்பிறப்பு ஒரு புள்ளிகூட இல்லாமல் பச்சைப் பசேல் என்றிருக்கும்.

"ஒரே வயித்துப் பிள்ளைங்கதான். நம்ம வீட்டுல மட்டும் எல்லாருக்கும் ஒரே மூக்கா?" என்று கேட்பார்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் ஷர்மினிக்கு நிச்சயதார்த்தம். ஷர்மினியும் ஜீவனும் நாலு வருடம் காதலித்தார்கள். ஜீவனின் அம்மா காளியம்மாவின் மனம் கரைய மேலும் இரண்டு வருடம் ஆயிற்று. சாத்திரத்தில் இம்மியும் பிசகாத அந்த அம்மாள், அந்த ஞாயிற்றுக்கிழமை பெக்கோக்கிலிருந்து வேனில் வந்து இறங்கினார்.

"அந்தம்மா மூஞ்சி கோணிச்சின்னா நம்ம பிள்ள வாழ்க்கையே போச்சு. இன்னிக்கு ஒரு நாளைக்கு உங்க கேக்டஸ் கதைய அவுக்காதீங்க," என்று பிரேமலா காலையிலேயே கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள்.

நாலரைக்கு ராகு காலம். நாலு மணிக்குத் தட்டு மாற்றலாம் என்று எழுந்தபோது, பிரேமலாவின் தம்பி வேலு கேக் இருந்த தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். பதினொரு தட்டு பத்தாயிற்று. இரட்டைப்படை!

மூர்த்தி பின்கட்டுக்குப் பறந்தார். அன்று காலை பூத்த கள்ளியைத் தொட்டியோடு தூக்கி, வெற்றிலை பரப்பிய தட்டில் வைத்து, குங்குமமும் இட்டுக் கொண்டுவந்தார். பதினொன்று! பதற்றத்தில் பூவைத்தான் பார்த்தார். பட்டையை எண்ணவில்லை.

"என்ன சம்பந்தி, நல்ல காரியத்துல முள்ளுச் செடியா?" என்றார் காளியம்மா.

"தொட்டுப் பாருங்க சம்பந்தியம்மா! குட்டியா இருக்கறப்போ லேசா முள்ளு இருக்கும். அப்புறம் தானா உதிர்ந்துரும்."

காளியம்மா தொட்டார். அவர் விரல் ஒவ்வொரு பட்டையாக நகர்ந்து, சுற்றி வந்து நின்றது.

"நாலு பக்கம். தட்ட ஒத்தப்படையில வச்சிட்டு, தட்டுல உள்ளத ரெட்டப்படையில வச்சிருக்கீங்க. ரெட்டப்படை பாதி பாதியா பிரிஞ்சிரும். எம்மவனும் உங்க மவளும் பிரியணுமா?"

ஜீவன் மின்விசிறியை ஆராய்ந்தான். ஷர்மினியின் கண்மை கரையத் தொடங்கியது.

"அலமாக்!" என்றான் வேலு. "மச்சான், கத்தி எடுத்தாறேன். ஒரு பட்டைய சீவிட்டா மூணுதான், லா."

"என்னைய சீவுடா!" என்று அலறினார் மூர்த்தி.

ஐயோ, அந்தத் தகப்பனின் நெஞ்சு பட்ட பாட்டை யாரிடம் சொல்ல! ஒரு பக்கம் பெற்ற மகள். மறு பக்கம், கடுகளவு விதையிலிருந்து ஒன்பது வருடம் கண்ணுக்குள் வைத்து வளர்த்த பிள்ளை. கடைசியில் தகப்பன் மனம் மகள் பக்கம் சாய்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எடுத்தா... கத்திய," என்றார்.

கத்தி வரவில்லை. கண்ணைத் திறந்தபோது, பட்டுப்புடவையோடு பின்கட்டுக்கு ஓடிய ஷர்மினி, பூக்காத இன்னொரு கள்ளியைக் கொண்டுவந்து அதே தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, அது நாலு, இது அஞ்சு. சேந்தா ஒம்போது. ரெண்டு பேரும் சேந்து இருந்தாத்தான் ஒத்தப்படை. பிரிச்சீங்கன்னா தட்டே கெட்டுப்போயிரும்."

காளியம்மா இரண்டையும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு மறுபடியும் எண்ணினார்.

"கணக்குல கெட்டிக்காரியா இருக்கா. என் வீட்டுக்கு ஆவும்," என்றார்.

நாலு இருபத்தேழுக்குத் தட்டு மாறியது. பிரேமலா வாய்விட்டு அழுதாள். வேலு அவளைவிடச் சத்தமாக அழுதான்.

வேனில் ஏறிய காளியம்மா, தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே கேட்டார்: "ஏன் சம்பந்தி, இது கடைசி வரைக்கும் ஒம்போதாவேதான இருக்கும்?"

மூர்த்தியின் வாய் திறந்தது. இந்த இனம் தண்ணீர் குடித்துப் பருக்கப் பருக்க, வயதான காலத்தில் புதிதாகப் பட்டை விடும். நாலு ஐந்தாகும், ஐந்து ஆறு ஏழாகும். இதைப் பற்றி மட்டுமே அவரால் மூன்று மணி நேரம் பேச முடியும். அறுபது வருட வாழ்க்கையில் இவ்வளவு அருமையான கேள்வியை அவரிடம் யாருமே கேட்டதில்லை.

வாசலில் ஷர்மினி புது மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூர்த்தி எச்சிலை விழுங்கினார்.

"தண்ணி மட்டும் கம்மியா ஊத்துங்க, சம்பந்தியம்மா," என்றார். "ரொம்ப ரொம்பக் கம்மியா."