வெறும் அட்டை வந்த பதினான்கு பேருக்கு

2006 புத்தாண்டு காலை ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

உங்கள் சபையிலும் இந்த வழக்கம் இருக்கும். வருடத்தின் முதல் நாள், பூப்படம் மேலே தெரிய அட்டைகளைத் தட்டில் பரப்பி வைப்பார்கள். ஜெபித்து ஒன்றை எடுத்துத் திருப்பினால் பின்னால் வசனம் இருக்கும். அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தந்த வார்த்தை என்று பைபிளுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வோம். எனக்கு வந்தது சிவப்பு ரோஜா. திருப்பினேன். வெள்ளை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு முட்டும். ஜனவரி கடைசியில் மதுரையில் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள்.

"இன்னொண்ணு எடுத்துக்கிடட்டுமே" என்று அம்மா கெஞ்சினாள்.

"ஒரு தடவதான்க்கா எடுக்கணும். ஆண்டவர்ட்ட பேரம் பேசவா வந்திருக்கீக?" என்றார் தட்டைப் பிடித்திருந்த மூப்பர்.

என் சித்திக்கு மெதுவாகப் பேச வராது. "அவரே வாயத் தொறக்கலன்னா டாக்டர் என்னத்தக் கிழிக்கப் போறாரு?" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஆராதனையில்தான்.

பொங்கலுக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. எனக்கு ரத்தம் கொடுப்பதாகப் பெயர் எழுதியிருந்த வாலிபர்களில் மூன்று பேர் வரவில்லை. சாகப் போகிறவளுக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

இங்கேதான் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அட்டை ஏன் வெறுமையாக இருந்தது என்று சபையில் ஒருத்திக்குத் தெரியும். எனக்குத்தான்.

அந்த அட்டைகளை அச்சடித்தது எங்கள் பிரஸ். முதலில் பூப்படம் ஓட்டுவோம், பிறகு தாளைத் திருப்பி வசனம் ஓட்டுவோம். ஐப்பசி மழையில் தாள் ஈரம் பிடித்து, சில சமயம் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு மெஷினுக்குள் போகும். மேல் தாளில் மை விழும். அடித்தாள் வெறுமையாக வெளியே வரும். அப்படி வருவதைப் பார்த்து உருவி எடுப்பதுதான் என் வேலை. இந்த அட்டைகள் ஓடிய வாரம் கால் வீங்கி, கண் இருட்டிக்கொண்டு, தாள்களைப் புரட்டுவதுபோல் பாவனைதான் செய்துகொண்டிருந்தேன். லீவு கேட்டால் சீசன் நேரத்தில் வேலை போய்விடும் என்ற பயம்.

ஏன் சொல்லவில்லை? வேலை போகும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, ஒருவேளை என் கைத்தவறையே ஆண்டவர் தீர்ப்பாக வைத்தாரோ என்ற பயம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம். நெஞ்செலும்பை அறுத்து, உலோக வால்வு வைத்து, கம்பியால் கட்டிவிட்டார்கள். கண் விழித்ததும் முதலில் கேட்டது என் நெஞ்சுக்குள் ஓடும் கடிகாரம்தான். டிக், டிக். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அழுவேன். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் தையல் ஓரமாகச் சீழ் கட்டியது. காய்ச்சல் இறங்கவே இல்லை. பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எம்புட்டு நாளைக்கு இப்பிடி இழுக்குமோ" என்று அம்மாவிடமே கேட்டார்கள்.

அப்போது நான் செய்த ஜெபம் இவ்வளவுதான்: "ஆண்டவரே, ஒரு வார்த்தை கொடும். பிழைப்பேனா மாட்டேனா என்று ஒரே ஒரு வார்த்தை." பதினைந்து நாள் இதையே கேட்டேன்.

மார்ச் முதல் வாரம் ஒரு மத்தியானம், முன்பின் தெரியாத அக்கா ஒருத்தி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளி நிறம். பட்டாசு மருந்து. நாரணாபுரம், பெயர் பொன்னுத்தாய் என்றாள். மடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். மஞ்சள் சாமந்திப்பூ. திருப்பிக் காட்டினாள். வெள்ளை.

"எங்க சபையில எனக்கும் இதான் வந்துச்சு தாயி. ஒருத்தர்ட்டயும் காட்டல. நீயும் வெறுஞ்சீட்டு எடுத்தவதான, ஆனா பொழச்சிட்டியே. என்ன ஜெபம் பண்ணுன? எனக்குஞ் சொல்லிக் குடு."

அவளே தொடர்ந்தாள்.

"எப்ப வெடிக்கும்னு தெரியாத மருந்து ரூம்ல நிக்கிறவ நான். இந்த வருசம் தாண்ட மாட்டேன்னு தெரிஞ்சு போச்சு. எனக்கப்புறம் எம்மகளுக்கு யாரு இருக்கா? பத்தாவதுதான் படிக்கிறா. சனவரியிலயே பள்ளிக்கூடத்த நிப்பாட்டிட்டேன். ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணம். மாப்பிளைக்குக் கொஞ்சம் வயசு கூட."

கணக்குப் படித்தவள் நான். ஒரு தாளில் பதினாறு அட்டை. ஒரு தாள் தப்பினால் பதினாறு பேர் கையில் வெள்ளை. இரண்டு மாதமாக என் ஒரு அட்டைக்காக அழுதேனே தவிர, மற்ற பதினைந்து பேரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

சொன்னேன். அவள் நம்பவில்லை. "ஆறுதலுக்குச் சொல்லுத தாயி" என்று என் கன்னத்தைத் தொட்டாள்.

மறுநாள் அம்மா கத்தக் கத்த, நெஞ்சில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவளோடு ஷேர் ஆட்டோவில் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பி உள்ளே பிடுங்கியது. பிரஸ்ஸில் ஃபோர்மேன் அண்ணாச்சியிடம் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். அவர் இரண்டு தாளை ஒன்றாக மெஷினுக்குள் விட்டு ஓட்டிக் காட்டினார். அடித்தாள் வெள்ளையாக வந்து விழுந்தது.

"ஊருக்கெல்லாம் வெறுஞ்சீட்டு அனுப்பி வச்சிட்டு இம்புட்டு நாளா ஊமையா இருந்தியாக்கும்? இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார்.

பொன்னுத்தாய் அக்கா அந்தத் தாளைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ரெண்டு மாசமா தெனமும் செத்தேனேடி. ஒன் நெஞ்ச அறுத்தது பத்தாது." தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் தெருவில் நின்று ஏசினார்களாம். மகள் பரீட்சை எழுதி இரண்டு பாடத்தில் தோற்றாள். ஒன்று கணக்கு.

எனக்குக் காய்ச்சல் அந்த வாரம் இறங்கியது. மருந்தை மாற்றியதால் என்றார் டாக்டர். அதுவும் உண்மைதான். ஆனால் நான் கேட்ட வார்த்தைக்குப் பதில் வந்துவிட்டதை நான் அறிவேன். என் காதில் ஒன்றும் சொல்லவில்லை ஆண்டவர். நான் சொல்ல வேண்டிய வார்த்தைக்காகக் காத்திருந்த ஒருத்தியை என் கட்டிலுக்கே அனுப்பினார்.

ஜூனிலிருந்து அந்தப் பிள்ளை என்னிடம் கணக்குப் படிக்க வந்தாள். அனுப்பியது அவள் அம்மா. அந்த அக்கா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அக்டோபரில் பிள்ளை எழுதிப் பாஸானாள். அன்று வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள் பொன்னுத்தாய் அக்கா. அழைத்தேன். நிற்கவில்லை.

எங்கள் சபையிலும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். இனி மீதி பதினான்கு பேர். அட்டைப் பொட்டலங்கள் எந்தெந்த ஊருக்குப் போயின என்று பிரஸ்ஸில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் புத்தாண்டில் உங்கள் கைக்கும் வெள்ளை வந்திருந்தால், அதற்குப் பயந்து எதையாவது நிறுத்தியிருந்தால், யாரையாவது அவசரமாகக் கட்டிக்கொடுத்திருந்தால், தயவுசெய்து கேளுங்கள். ஆண்டவர் உங்களைக் கைவிடவில்லை. கைவிட்டது நான். அவரிடம் தைரியமாகக் கேளுங்கள். வெட்டித் திறந்த நெஞ்சோடு கேட்டவள் சொல்கிறேன், அவர் கேட்கிறார். அந்த அட்டையைக் கிழித்துப் போடுங்கள்.

என் அட்டையை மட்டும் நான் வைத்திருக்கிறேன். அதன் வெள்ளைப் பக்கத்தில் பதினான்கு கோடு போட்டிருக்கிறேன். உங்களில் யாராவது எனக்கு எழுதி, அதில் ஒன்றையாவது நான் அடிக்க வேண்டும்.