‘வரப்பில் ஒருத்தி’யின் கடைசிப் பதினைந்து நிமிடங்களைத் தேடி: ஒரத்தநாட்டிலிருந்து நாகப்பட்டினம் வரை

இயக்குநர் கலியமூர்த்தியின் மூன்று பேய்ப் படங்களையும் சென்னையில் ஒரு திரைப்படக் கழகம் திரையிடப்போகிறது. அச்சுக்குப் போகுமுன் அறிவிப்பை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது படமான ‘வரப்பில் ஒருத்தி’க்குப் பக்கத்தில் ‘முற்றுப்பெறாதது’ என்று இருந்தது. உடனே என்னைக் கூப்பிட்டார். “நான் முடிச்ச படம் சார் அது. ரெண்டு நாள் என்கூட வர்றீங்களா?” ஒரத்தநாட்டில் இருபத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அந்த ஊர் மனிதர் கேட்டு எப்படி மறுப்பது? புரட்டாசிக் கடைசி வாரம், சம்பா நடவு நேரத்தில் கிளம்பினோம்.

படம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். ஊருக்கு ஊர் கேசட் கடைகள் முளைத்து, தெருவுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். வீடியோ கேமராவிலேயே எடுத்தார். கணவன் சவுதியில் இருக்கும்போது இறந்துபோன ஒருத்தி பேயாக வருகிறாள், அதுவும் உச்சி வெயிலில். ‘உச்சி வேளையில் ஆற்றுக்குத் தனியாகப் போகாதே’ என்று நம் வீடுகளில் சொல்வதைத்தான் அவர் படமாக்கினார். ஜெனரேட்டர் வாடகைக்கு வழியில்லாததும் ஒரு காரணம் என்று அவரே சொல்வார். தியேட்டருக்கு வராத அந்தப் படம் ரியாத்திலும் குவைத்திலும் தொழிலாளர் அறைகளில் கேசட் தேயத் தேய ஓடியது. பகல் வெளிச்சத்தில் பயமுறுத்தும் இன்றைய இளம் இயக்குநர்கள் அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள்.

முடிவு எங்கே போனது? படம் இரண்டேகால் மணி நேரம். கேசட் கடைக்காரர்கள் சிக்கனமாக இரண்டு மணி நேரக் கேசட்டில் பிரதி எடுத்தார்கள். ஆறடி ஆள் ஐந்தடிப் பாயில் படுத்தால் கால் வெளியேதான் இருக்கும். மூலக் கேசட்டோ ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. கையில் காசில்லாமல் பாதியில் விட்டுவிட்டார் என்ற பேச்சு அப்படியே நிலைத்தது.

முதல் நாள் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஒன்பதரைக்குப் பேருந்து. ஒரத்தநாட்டுக்கு இருபத்து மூன்று கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அங்கிருந்து படம் எடுத்த வயலுக்கு ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர்.

“பேய் வரப்புக்கா? மத்த நேரம் நூத்தி இருவது, உச்சில போனா நூத்தம்பது” என்றார் ஓட்டுநர்.

“ஏம்ப்பா முப்பது ரூவா கூட?”

“உங்கள விட்டுட்டு நான் தனியாத் திரும்பணும்ல சார்.”

“அந்தப் பேயைக் கூட்டிட்டு வந்ததே நான்தாம்ப்பா” என்றார் கலியமூர்த்தி.

“அப்ப உங்ககிட்ட இன்னும் கூடக் கேக்கணும்.”

வரப்பு அப்படியேதான் இருக்கிறது. வயலில் கண் கூசும் தண்ணீர். நடவுப் பெண்களில் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். “பேய்ப் படத்துக்காரரு தானே? முடிவ எடுக்காமயே ஓடிட்டீங்களாமே.”

“எடுத்தேம்மா. இதே வயல்லதான் எடுத்தேன்.”

“எடுத்திருந்தா காட்டுங்க. வாயால கதை நாங்களும் சொல்லுவோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை ஜபருல்லா. படப்பிடிப்புக்கு வேன் ஓட்டியவர். கூலிக்குப் பதில் ஒரு பிரதி கேட்டார். கலியமூர்த்தி அவருக்கு மட்டும் மூலத்திலிருந்து மூன்று மணி நேரக் கேசட்டில் முழுப் படத்தையும் எடுத்துக் கொடுத்தார். பிறகு ஜபருல்லா ரியாத் போனார். அவர் இறந்து நான்கு வருடமாகிறது. அவர் மனைவி ஜுலைஹா தொலைபேசியில், “அது அழிஞ்சுபோச்சு அண்ணே. அதுலயே எங்க வீடு குடிபுகுந்ததை எடுத்துட்டோம்” என்று சொல்லிவிட்டார். புதுக் கேசட் கிடைக்காத அவசரத்தில், பழையதன் ஓரத்தில் மறுபதிவைத் தடுக்கும் ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி மேலே பதிவு செய்வது அன்று எல்லா வீட்டிலும் நடந்ததுதான். அப்படியும் இவர் போயே ஆகவேண்டும் என்றார்.

இரண்டாம் நாள் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம். எண்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், கார் வாடகை போக வர மூவாயிரத்து இருநூறு. தன் பழைய கேசட் பிளேயரைப் போர்வையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ஜுலைஹா துணி அலமாரியிலிருந்து கேசட்டை எடுத்து வந்தார். “இதுலதான் அவங்க நடமாடுறாங்க அண்ணே. போட்டுப் பாருங்க, எடுத்துட்டுப் போறேன்னு மட்டும் கேக்காதீங்க.”

திரையில் புது வீடு. ஜபருல்லா வாசலில் நின்று எல்லோரையும் உள்ளே அழைக்கிறார், சர்பத் கொடுக்கிறார். நான் ஓட்டிவிடலாமா என்று கேட்டேன். கலியமூர்த்தி வேண்டாமென்று கையைக் காட்டினார். நாற்பது நிமிடம் மூவரும் பார்த்தோம். பிறகு திரையில் கோடுகள். அப்புறம் நெல் வயல்.

குடிபுகுந்த படம் நாற்பது நிமிடம்தான். கேசட்டின் தொடக்கத்தை மட்டுமே அது விழுங்கியிருந்தது. அந்தத் தொடக்கம் மற்ற எல்லாப் பிரதிகளிலும் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் அந்தக் காட்சி வந்தது. உச்சி வெயிலில் பேய் வரப்பில் வருகிறது. நடவுப் பெண்கள் யாரும் அலறவில்லை. ஒருத்தி நகர்ந்து இடம்விட்டு, ஒரு நாற்றுமுடியை நீட்டுகிறாள். பேய் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து நடத் தொடங்குகிறது. நிறைகிறது படம்.

கலியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முப்பது வருஷம் யாருமே பாக்கலம்மா இதை.”

“நான் கல்யாணமான புதுசுலயே பாத்துட்டேனே” என்றார் ஜுலைஹா. “எல்லார் கேசட்லயும் இது இருக்கும்னுல்ல நெனச்சேன்.”

அன்றே கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் கணினிக்கு மாற்றினோம். முழு மூன்று மணி நேரமும் ஜுலைஹா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, கேசட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு போனார். அறிவிப்பில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர் சொன்ன வார்த்தை மெய்யானதில் எனக்குள்ள பெருமையை மறைக்கப்போவதில்லை.

போக விரும்புகிறவர்கள் நடவு நேரத்தில் போங்கள். குடையும் தண்ணீரும் வேண்டும், வரப்பில் செருப்பு வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி பன்னிரண்டு கிலோமீட்டர்தான், நேரமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். போகாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டில் பழைய கேசட் இருந்தால், முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள். கடைசிவரை ஓடவிடுங்கள்.