அரை நாள் மேஸ்திரி

சட்டையைக் கழற்றிக் குழாய் மேல் போட்டுவிட்டு, இரண்டு தோள்களையும் மார்புக்கு முன்னால் கொண்டுவந்து ஒன்றோடொன்று முட்ட வைக்கிறார். பிறகு தண்ணீர்த் தொட்டியின் குறுகிய வாய்க்குள் வழுக்கிக்கொண்டு இறங்குகிறார். குரல் மட்டும் மேலே வருகிறது. "வாளிய விடுங்கப்பா. வேடிக்கை அப்புறம் பாத்துக்கலாம்!"

தொட்டி கழுவுகிறவரை எல்லோரும் 'மடக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். குள்ளமான ஆள். கழுத்தடியில் தோளைத் தாங்கும் காறையெலும்பு பிறவியிலேயே கிடையாது. பால்பற்களும் பிந்தி முளைத்தவையும் வாய்க்குள் இடித்துக்கொண்டு நிற்பதால், சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

ஏன் இப்படி என்று அவரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. மனைவி வயிற்றில் பிள்ளை வந்த பிறகுதான், "காரணம் தெரிஞ்சா பயம் பாதியாயிடும், வாங்க" என்று அவள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா விளக்கினார்: "ரன்க்ஸ்-டூன்னு ஒரு புரதம். மேஸ்திரி மாதிரி. எலும்பு கட்டச் சொல்லி மரபணுக்களுக்கு உத்தரவு போடும். உங்க உடம்புல அது பாதிதான் உண்டாகுது."

"அப்போ மேஸ்திரி அரை நாள்தான் வேலைக்கு வந்திருக்காரு" என்றார் இவர். பிள்ளைக்கும் வருமா என்று கேட்டபோது பேச்சில் விளையாட்டு இல்லை. வரலாம், வராமலும் போகலாம், சரிபாதி வாய்ப்பு என்றார் டாக்டர்.

பெண் பிறந்தது. சின்னத் தோளில் விரலை ஓட்டிப் பார்த்தார். எலும்பு தட்டுப்படவில்லை. வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து அழுதார். "என் பாவம் புள்ள தலையில விடிஞ்சிருச்சே!"

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாவமாவது சாபமாவது! புரதம் கொறச்சல், அவ்வளவுதான். அறிவுக்கு ஒரு கொறையும் வராது. பல்ல மட்டும் நேரத்துக்குக் காட்டிருங்க."

அதை மட்டும் அவர் தவறவிட்டதே இல்லை. கூடுதலாக முளைத்த பற்களைச் சரியான சமயத்தில் எடுத்தார்கள். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வீடு அதிரச் சிரிக்கிறாள். "உங்கப்பா சிரிப்பையும் சேத்து நீயே சிரிக்கிறியாடி?" என்பாள் அம்மா.

போன வாரம் மகளின் பல்லைக் காட்டப் போனபோது, டாக்டரம்மா இவரை உள்ளே கூப்பிட்டார். கட்டிலில் ஓர் இளம்பெண். மடியில் அதே குறையோடு பிறந்த பச்சைக்குழந்தை. உச்சிக்குழி அகலமாகத் திறந்து துடித்துக்கொண்டிருந்தது. தலையைத் தொடவே தாய்க்கு நடுக்கம்.

இவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். குழந்தையின் உச்சியில் உள்ளங்கையை மெல்லப் பதித்தார்.

"ஒண்ணும் ஆகாது. கைய வைங்க தங்கச்சி."

தயங்கித் தயங்கி அவள் கை அவர் கைமேல் வந்தது. அது முழுதாகப் படியும் வரை காத்திருந்து, தன் கையை அடியிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார்.